கரையேறா மாலுமிகள்

கடல்சூழ் ஈழத்தில் வாழும் நாம் காலையில் உண்ணும் பாண் எந்நாட்டுக் கோதுமையால் ஆயது, நம் வண்டிகளுக்கு வார்க்கும் எண்ணெய் எத்துறையில் ஏற்றப்பட்டது, நோயுற்றார்க்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்து எக்கடலைக் கடந்து வந்தது என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பது அரிது. பொருள் கடையில் இருக்கிறது, நாம் வாங்குகிறோம், அம்மட்டில் அமைந்துவிடுகிறோம். உலக நாடுகளிடையே நிகழும் வாணிகத்திற் பண்டங்களின் அளவை நோக்கினால், நூற்றுக்கு 80 பங்கிற்கு மேற்பட்டவை கப்பல் வழியாகவே செல்கின்றன. அக்கப்பல்களைச் செலுத்தும் மாலுமிகளின் தொகையோ, 2021 ஆம் ஆண்டிற் கப்பற்றொழில் அமைப்புகள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 19 இலட்சமே. உலக மக்கள் அனைவரது தேவையையும் இச்சிறு தொகையினர் நம் கண்ணுக்குப் புலனாகாமற் சுமந்து திரிகின்றனர்.

2020 ஆம் ஆண்டிற் கோவிட்-19 என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது, இவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் தம் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கப்பலை விட்டு இறங்க இயலாது தவித்தனர். அவர்களுடைய கப்பல்கள் புயலில் அகப்படவில்லை, பொறிகள் பழுதுபடவில்லை, துறைமுகங்களும் பெரும்பாலும் அடைபடவில்லை. பண்டங்கள் வழமைபோல் இறக்கப்பட்டன. அவற்றைக் கொணர்ந்த மனிதர் மாத்திரம் இறங்க இயலவில்லை. மூட்டைக்குத் திறந்த வாயில் அதனைச் சுமந்து வந்தவனுக்கு ஏன் மூடியது என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை எவரோ ஒருவரின் கொடுமையில் இல்லை என்பதும், பல நாடுகளுக்கும் பொதுவாய் இருந்த கடமையொன்று எந்நாட்டுக்கும் உரியதாகாமற் போனதிலேயே உள்ளதென்பதும் பின்வருவனவற்றால் விளங்கும்.

முதலில் மாலுமியின் தொழிலமைப்பை அறிதல் வேண்டும். பெரிய சரக்குக் கப்பலொன்றில் இருபது முதல் இருபத்தைந்து பேர் வரையே பணி புரிகின்றனர். தலைவர், துணை அதிகாரிகள், பொறியியலாளர், தளப் பணியாளர், பொறியறைப் பணியாளர், சமையலாளர் எனப் பலதிறத்தினர் இவருள் அடங்குவர். அதிகாரிகள் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களுக்கும், ஏனைய பணியாளர் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்கும் ஒப்பந்தஞ் செய்து கப்பலேறுவர். அக்காலம் முழுவதும் அவர்க்கு ஞாயிறு இல்லை, திருநாள் இல்லை. நான்கு மணி நேரக் காவல், எட்டு மணி நேர ஓய்வு, மீண்டும் நான்கு மணி நேரக் காவல் என்பது கப்பலின் பழைய முறை. ஆயினும் சரக்கேற்றல், பழுதுபார்த்தல், துறைசேர்தல் முதலியவற்றால் நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி என வேலை நீள்வதே வழக்கம். இவ்வுழைப்பைத் தாங்கச் செய்வது ஒன்றே: இன்ன மாதத்தில் வீடு செல்வோம் என்னும் உறுதி. ஒப்பந்தம் முடியுங்கால் ஏதேனும் ஒரு துறைமுகத்திற் பழையவர் இறங்க, வேற்று நாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய புதியவர் ஏறுவர். இதனைப் பணியாளர் மாற்றம் என்பர். கொள்ளைநோய்க்கு முன்னர் மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு இலட்சம் மாலுமிகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தனர். அதனை அறிந்தவர் கப்பற்றொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமேயாவர்.

அடுத்து நோக்கற்பாலது கப்பலின் நாட்டுரிமை. நிலத்திலுள்ள தொழிற்சாலை ஒன்று ஒரு நாட்டில் நிற்கிறது. அந்நாட்டுச் சட்டம் அதனை ஆள்கிறது. கப்பலோ அவ்வாறன்று. உடைமையாளர் கிரேக்கராகவோ யப்பானியராகவோ இருப்பர். கப்பல் பறக்கவிடும் கொடி பனாமா, இலைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றுள் ஒன்றாயிருத்தல் கூடும். வரியும் செலவும் குறைவு என்பது கருதியே பல கப்பல்கள் அங்குப் பதியப்படுகின்றன. மாலுமிகள் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா, சீனா, உருசியா, உக்ரேயின் முதலிய நாடுகளினின்றும் வருவர். அவரைத் தெரிந்து அனுப்பும் முகவர் ஓரிடத்திலும், கப்பலை வாடகைக்கு அமர்த்திய வணிகர் மற்றோரிடத்திலும் இருப்பர். கப்பல் சென்று சேரும் துறைமுகமோ வேறொரு நாட்டினது. அமைதிக் காலத்தில் இப்பன்மை ஒரு வசதியாகவே தோன்றிற்று. இடர் வந்தபோது, மாலுமிக்குப் பொறுப்பாளர் யார் எனக் கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுதற்கும் இதுவே வழிவகுத்தது.

சட்டம் இல்லாமையால் இத்துன்பம் நேர்ந்ததெனக் கூறவியலாது. மாலுமியைத் தாயகம் சேர்ப்பித்தல் பற்றிச் சர்வதேச தொழிலாளர் தாபனம் 1926 ஆம் ஆண்டிலேயே ஒரு சமவாயம் இயற்றியது. பின்னர் இத்துறையில் எழுந்த பல சமவாயங்களையும் ஒன்றுசேர்த்து, 2006 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜெனீவாவிற் கடல்சார் தொழிலாளர் சமவாயம் நிறைவேற்றப்பட்டது. வேண்டிய நாடுகளின் ஒப்புதல் 2012 ஆம் ஆண்டு ஓகஸ்டில் நிறைவுற, அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 20 ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. மாலுமி தன் செலவின்றித் தாயகம் திரும்பும் உரிமையுடையவன் என்றும், அவன் தொடர்ந்து கப்பலில் இருக்கும் காலம் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஆண்டு விடுமுறை பற்றிய விதியையுஞ் சேர்த்து நோக்கி, பதினொரு மாதங்களே உச்ச எல்லையெனக் கொள்வர். இருபத்துநான்கு மணி நேரத்திற் பத்து மணி நேரமேனும், ஏழு நாளில் எழுபத்தேழு மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்பதும் அதன்கண் உள்ளது. இவற்றினும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. தன் துறைக்கு வரும் கப்பல்களின் மாலுமிகள் தாயகம் செல்வதற்கும், அவர்க்குப் பதிலாக வருவோர் கப்பலேறுவதற்கும் உறுப்பு நாடு ஒவ்வொன்றும் வசதி செய்துகொடுத்தல் வேண்டும் என்பதே அது. எனவே கடமை எழுத்தில் இருந்தது. அதுவும் தெளிவாகவே இருந்தது.

2020 மார்ச் 11 ஆந் திகதி உலக சுகாதார தாபனம் இந்நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. சில கிழமைகளுக்குள் நாடுகள் தம் எல்லைகளை மூடின, விமானங்கள் நின்றன. கப்பலென்றாலே மக்கள் அஞ்சுதற்குரிய காரணமும் அதற்கு முன்னரே நேர்ந்திருந்தது. பெப்ரவரி மாதத்தில் யப்பானின் யோக்கோகாமாத் துறையில் தடுத்து வைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பலில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் கூடி உண்டு களிக்கும் அக்கப்பல் வேறு. இருபது பேர் பல நாட்கள் நடுக்கடலிற் பிறருடன் கலவாது வந்துசேரும் சரக்குக் கப்பல் வேறு. இவ்வேறுபாட்டை அக்கால அச்சம் நோக்கவில்லை. எனினும் உணவும் மருந்தும் எண்ணெயும் இன்றி எந்நாடும் வாழவியலாது. ஆகவே சரக்கு இறங்கலாம், மனிதர் இறங்கலாகாது என்பதே பெரும்பாலான துறைமுகங்களின் விதியாயிற்று.

ஒவ்வொரு நாட்டின் விதியையுந் தனித்தனியே எடுத்து நோக்கினால் அது நியாயமாகவே தோன்றும். தன் குடிகளை நோயினின்றுங் காத்தல் அரசின் கடன் அன்றோ? அவ்விதிகள் ஒன்றுசேர்ந்தபோதுதான் தீங்கு விளைந்தது. மணிலாவைச் சேர்ந்த மாலுமியொருவன் ஐரோப்பியத் துறைமுகமொன்றில் இறங்கி வீடு செல்ல விரும்பினான் எனக் கொள்வோம். அவன் இறங்குதற்குத் துறைமுக நாடு இசைதல் வேண்டும். விமான நிலையம் வரை செல்ல அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களம் இடந்தருதல் வேண்டும். விமானம் பறத்தல் வேண்டும். இடைவழியில் தங்கும் நாடும் இணங்குதல் வேண்டும். தாயகம் தன் குடிமகனை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அன்றியும், அவனுக்குப் பதிலாக வருபவன் இவ்வாயில்கள் யாவற்றையும் எதிர்த்திசையிற் கடந்து, அதே துறைக்கு அதே நாளில் வந்து சேர்தல் வேண்டும். ஏனெனில் கப்பலொன்றைப் பாதுகாப்பாகச் செலுத்துதற்கு இத்துணைப் பேர் இருந்தே ஆகவேண்டும் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. அத்தொகை குறையின் கப்பல் புறப்படலாகாது. பத்து வாயில்களுள் ஒன்பது திறந்திருந்தும் ஒன்று மூடியிருந்தால் மாலுமி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

இதன் பயனாக 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய 4 இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களில் இருந்தனர் எனச் சர்வதேச கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. சிலர் பதினேழு மாதங்களுக்கும் மேலாகத் தொடர்ந்து கப்பலிலேயே காலங்கழித்தனர். இவர்களுக்கு நிகரான தொகையினர் கப்பலேற வழியின்றிக் கரையில் முடங்கிக் கிடந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது. மாலுமிக்கு ஒப்பந்தக் காலத்திற்கே ஊதியம் உண்டு. கரையில் உள்ள மாதங்களில் அவன் சேமிப்பை உண்டே வாழ்கிறான். ஆகவே கப்பலில் இருந்தவன் உழைப்பு ஓயாது வருந்தினான்; கரையில் இருந்தவன் உழைப்புக் கிடையாது வருந்தினான். ஒருவன் இறங்கினாலன்றி மற்றவன் ஏற இயலாது. இருவர் துன்பத்திற்கும் திறவுகோல் ஒன்றாகவே இருந்தது.

கப்பலில் இருந்தோர் நிலையைச் சிறிது நோக்குவாம். ஒன்பது மாதங்களுக்கென வகுத்த உடல் வலிமையையும் மன வலிமையையும் பதினைந்து மாதங்களுக்கு நீட்டினால் இரண்டும் நலியும். துறை சேர்ந்தும் கரையிற் கால்வைக்க இசைவில்லை. பல்வலி முதல் பாரிச நோய் வரை வைத்தியரை நாடவேண்டிய மாலுமிகளுக்குங்கூடச் சில துறைமுகங்களில் இடங் கிடைக்கவில்லை. வீட்டில் தந்தையோ தாயோ இறந்த செய்தி கடலிடை எட்டியபோதும் செல்ல வழியில்லை. 2021 ஏப்ரலில் 'இத்தால் லிபெரா' என்னும் இத்தாலியக் கப்பலின் தலைவர் நோயுற்று இறந்தார். அவரது உடலை இறக்குதற்குக் கீழைத்தேசத் துறைமுகங்கள் பலவும் மறுத்தமையால், அஃது வாரக்கணக்கிற் கப்பலிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஈற்றில் அக்கப்பலே திரும்பி இத்தாலிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. உயிருள்ளவனுக்கு மறுக்கப்பட்ட கரை உயிர் நீங்கியவனுக்கும் மறுக்கப்பட்டது.

கடல் வரலாற்றில் மாலுமிகள் அகப்பட்டு நின்றமை புதிதன்று. 1967 யூன் மாதத்தில் இசுரேலுக்கும் அரபு நாடுகளுக்குமிடையே போர் மூண்டபோது சுயஸ் கால்வாய் மூடப்பட்டது. அதன் நடுவணுள்ள பெருங் கசப்பேரியிற் பதினான்கு கப்பல்கள் அகப்பட்டன. கால்வாய் மீண்டும் திறக்கப்பட்ட 1975 வரை, எட்டாண்டுகள், அவை அங்கேயே நின்றன. பாலைவன மணல் படிந்தமையால் 'மஞ்சட் கப்பற் கூட்டம்' என்னும் பெயரும் பெற்றன. ஆனால் அக்கப்பல்களின் மாலுமிகள் எட்டாண்டுகள் அங்கிருந்தாரல்லர். காலத்துக்குக் காலம் பழையவர் வீடு செல்லப் புதியவர் வந்து பொறுப்பேற்றனர். போர்முனையின் நடுவே, இரு படைகளும் எதிரெதிர் நின்ற காலத்திலும், பணியாளர் மாற்றம் நடைபெற்றது. 2020 ஆம் ஆண்டிலோ கப்பல்கள் தடையின்றி உலகைச் சுற்றின, மாலுமிகளே சிறைப்பட்டனர். அங்குக் கப்பல் நின்றது, மனிதர் நடந்தனர். இங்குக் கப்பல் நடந்தது, மனிதர் நின்றனர். மனமிருந்தாற் பணியாளர் மாற்றம் எத்துணை அரிய சூழலிலும் இயலும் என்பதற்கு இவ்வொப்புமையினும் வேறு சான்று வேண்டா.

நோயச்சம் வேறு பகைமைகளுடன் சேர்ந்தபோது மாலுமி இன்னும் நலிந்தான். 'ஜக் ஆனந்த்' என்னும் இந்தியக் கப்பல் அவுஸ்திரேலிய நிலக்கரியுடன் 2020 யூன் மாதத்திற் சீனத்து ஜிங்தாங் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டது. அதில் 23 இந்திய மாலுமிகள் இருந்தனர். 'அனஸ்தாசியா' என்னும் மற்றொரு கப்பல் 16 இந்திய மாலுமிகளுடன் சாவோபெய்தியன் துறைமுகத்துக்கு அப்பால் நின்றது. அக்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்குமிடையே வாணிகப் பிணக்கு முற்றியிருந்தது. நோய்த்தடுப்பு விதிகளே காரணமெனச் சீன அதிகாரிகள் கூறினர். எக்காரணமாயினும், சரக்கும் இறங்கவில்லை, மாலுமிகளும் இறங்கவில்லை. 2021 சனவரியில் முதற் கப்பல் யப்பானின் சிபாத் துறைமுகஞ் சென்ற பின்னரே அதன் மாலுமிகள் தாயகம் திரும்பினர். மற்றவர் பெப்ரவரியில் விடுபட்டனர். இரு பேரரசுகளின் பிணக்கில் யாதொரு பங்குமில்லாத முப்பத்தொன்பது பேர் அதன் விலையைச் செலுத்தினர்.

மாலுமியின் தனிமை கடலுக்குள்ளேயே அடங்கிவிடும் எனக் கருதுவோர் 'வாக்காசியோ' கப்பலின் கதையை அறிதல் நன்று. உடைமை யப்பானியருடையது, கொடி பனாமாவினது, தலைவர் இந்தியர், முதல் துணை அதிகாரி நம் இலங்கையர். மேலே கூறிய பன்மைக்கு இஃது ஒரு முழு உதாரணமாகும். சரக்கின்றிப் பிரேசில் நோக்கிச் சென்ற இக்கப்பல் 2020 யூலை 25 ஆந் திகதி மொரிசியஸ் தீவின் தென்கீழ்க்கரையிற் பவளப்பாறையில் மோதியது. ஏறக்குறைய 1,000 தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. தீவு மக்கள் கரும்புச் சோகையைத் துணியிற் பொதிந்து மிதவைகளாக்கி எண்ணெயைத் தடுக்க முயன்றனர். கைத்தொலைபேசித் தொடர்பு கிட்டும்பொருட்டே கப்பல் கரையை அணுகியதென விசாரணை செய்த யப்பானிய அதிகாரிகள் முடிவு கூறினர். இச்செயல் தவறென்பதில் ஐயமில்லை. நீதிமன்றமும் தலைவரையும் துணை அதிகாரியையும் தண்டித்தது. இவ்விபத்துக்குக் கொள்ளைநோயே காரணமெனக் கூறுதலும் பொருந்தாது. ஆயினும், ஒரு கப்பலை அதன் பாதையினின்றும் இழுக்குமளவுக்கு வீட்டாரின் குரல் கேட்கும் வேட்கை வலிதாயிருந்தது என்பதை அறிவுடையோர் எளிதில் ஒதுக்கார்.

இந்நிலையை மாற்ற முயன்றோர் இலர் எனல் ஆகாது. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச கடல்சார் அமைப்பு, 2020 மே 5 ஆந் திகதி, மாலுமி தன் வீட்டினின்றும் கப்பலுக்கும் கப்பலினின்றும் வீட்டுக்கும் பாதுகாப்பாகச் செல்லுதற்கான பன்னிரு படிகளைக் கொண்ட ஒழுங்குமுறையை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. போக்குவரத்துத் தொழிலாளரின் சர்வதேச சம்மேளனம் முதலில் ஒப்பந்த நீடிப்புக்கு இணங்கிப் பின், யூன் 15 ஆந் திகதியுடன் அவ்விணக்கத்தை முடித்தது. வேலையை நிறுத்தி வீடு செல்லக் கோரும் மாலுமிகளுக்குத் துணைநிற்பதாகவும் அறிவித்தது. மாலுமிகளை இன்றியமையாப் பணியாளர் என அறிவிக்குமாறு ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் வேண்டினார். டிசெம்பர் 1 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது; ஒரு கிழமையில் சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் ஆளுகைக் குழுவும் அவ்வாறே செய்தது. அத்தாபனத்தின் நிபுணர் குழு ஒருபடி மேற்சென்று, எதிர்பாரா இடர் என்னும் காரணம் பல மாதங்கள் கழிந்த பின்னும் செல்லாது என்றும், நாடுகள் தம் கடமையில் தவறின என்றும் வெளிப்படையாகக் கூறிற்று.

இத்துணை முயற்சிகளும் மெல்லவே பயன் தந்தமை ஏன்? ஒன்று, அறிவுரை வேறு, ஆணை வேறு. உலக அமைப்புகள் வேண்டலாம். வாயிலைத் திறப்பது அந்தந்த அரசே. மற்றொன்று, ஒரே அரசினுள்ளும் பொறுப்புப் பலவாய்ப் பிரிந்திருந்தது. கடல்சார் அமைப்பின் மடல்கள் போக்குவரத்து அமைச்சுகளைச் சென்றடைந்தன. வாயிலின் திறவுகோலோ சுகாதார அமைச்சு, குடிவரவுத் திணைக்களம், விமானப் போக்குவரத்து அதிகாரிகள் ஆகியோரிடம் இருந்தது. ஆண்டின் முடிவில் மாலுமிகளை இன்றியமையாப் பணியாளரென அறிவித்தவை ஏறக்குறைய 46 நாடுகளே. மூன்றாவது, வணிகரின் தன்னலம். பணியாளர் மாற்றத்துக்கென வேற்றுத் துறைக்குத் திரும்பும் கப்பல் நாளையும் எரிபொருளையும் இழக்கும். தம் சரக்கு உள்ளவரை பணியாளர் மாற்றம் கூடாதென வாடகை ஒப்பந்தத்தில் விதி சேர்த்த வணிகரும் இருந்தனர். கடல்சார் அமைப்பின் செயலாளர் நாயகம் இதனைக் கண்டித்தார். இந்நிலையில் 2021 சனவரியில் முந்நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் 'நெப்தியூன் பிரகடனம்' என்பதில் ஒப்பமிட்டுத் தம் பொறுப்பை ஏற்றன.

2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் தவித்தோர் தொகை ஏறக்குறைய 2 இலட்சமாகக் குறைந்தது. ஆயின் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் நோய் மீண்டும் பெருகியபோது, சிங்கப்பூர் முதலிய துறைமுகங்கள் இந்தியாவினின்றும் வரும் மாலுமிகளைத் தடுத்தன. தடுப்பூசியும் ஒரு தடையாயிற்று. மாலுமிகளை மிகுதியாகத் தரும் நாடுகள் தடுப்பூசியிற் குறைந்தனவாயிருந்தன. ஒரு துறையில் முதல் ஊசி பெற்றவன் இரண்டாம் ஊசி போடவேண்டிய நாளில் எக்கடலில் இருப்பான் என்பது எவர்க்குந் தெரியாது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் மாலுமிகளுள் நூற்றுக்கு 9 பேர் வரை ஒப்பந்தங் கடந்து கப்பலில் இருந்தனர். தடுப்பூசி பரவி எல்லைகள் தளர்ந்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியை நோக்கி இந்நெருக்கடி தணியத் தொடங்கிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொற் கூறுதல் தகும். கீழைத்தேயத்தையும் மேலைத்தேயத்தையும் இணைக்கும் பெருங் கப்பற்பாதை இலங்கையின் தென்கரையை ஒட்டியே செல்கின்றது. 2020 மார்ச் மாதத்திற் கட்டுநாயக்கா விமான நிலையம் வருகைப் பயணிகளுக்கு மூடப்பட்டது. எனினும் கொழும்பு, காலித் துறைமுகங்களிற் பணியாளர் மாற்றத்துக்கு இலங்கை அவ்வாண்டிலேயே இடமளித்தது. உல்லாசப் பயணக் கப்பலொன்றிற் சமையலாளராயிருந்த இலங்கையர் ஒருவர் உதவி கோரியமையும், அக்கப்பல் ஏப்ரல் மாதத்திற் கொழும்பை அடைந்தபோது கடற்படையினர் அவரை இறக்கிக் கரைசேர்த்தமையும் பலர் நினைவில் இருக்கலாம். விமான நிலையம் பயணிகளுக்கு மூடியிருந்த காலத்திலேயே மாலுமிக்கென ஒரு சிறு வாயிலைத் தனியே திறந்துவைத்தல் இயலும் என்பதை இது காட்டுகின்றது.

தனிமைப்படுத்தல் என்னும் முறையின் தோற்றத்தை நினைவுகூர்தல் இங்குப் பயன்தரும். 1377 ஆம் ஆண்டில், இன்று துப்ரோவ்னிக் என வழங்கும் இரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருட் புகலாம் என விதித்தனர். பின்னர் அது நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்குஞ் சொல்லினின்றே ஐரோப்பிய மொழிகளில் இம்முறைக்குரிய பெயர் பிறந்தது. ஆகவே அதன் பெயரிலேயே எண் உண்டு. எண் உள்ளதற்கு முடிவும் உண்டு. நாற்பது நாள் கழிந்தால் வாயில் திறக்கும் எனக் கப்பலில் இருந்தவன் அறிவான். நகரின் நலமும் மாலுமியின் உரிமையும் அவ்வெண்ணில் ஒன்றையொன்று தழுவி நின்றன. 2020 ஆம் ஆண்டின் மாலுமிக்கு அவ்வெண் கூறப்படவில்லை. அறிவியல் வளராத அக்காலத்தார் கொடுத்த உறுதியை, நோய்க்கிருமியின் அமைப்பைச் சில கிழமைகளில் அறிந்த இக்காலத்தார் கொடுக்கவில்லை.

கற்ற பாடம் முற்றிலும் வீண்போகவில்லை என்பது ஆறுதல் தருவது. கடல்சார் தொழிலாளர் சமவாயத்திற்கு 2022 ஆம் ஆண்டிற் செய்த திருத்தங்கள் 2024 டிசெம்பர் 23 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தன. நல்ல குடிநீர், உடலுக்கேற்ற பாதுகாப்பு உடைகள் ஆகியவற்றுடன், வீட்டாரோடு தொடர்புகொள்ளுதற்கான இணைய வசதியும் மாலுமிக்கு உரியதென அவை கூறுகின்றன. 2025 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தங்கள் மாலுமிகளை இன்றியமையாப் பணியாளரென நாடுகள் மதித்தல் வேண்டும் என்பதையும், கரையிறங்கும் உரிமையையும் வலியுறுத்துகின்றன. எழுத்தில் உள்ள கடமை வலுப்பெறுதல் நன்றே. ஆயினும் 2020 ஆம் ஆண்டிலும் எழுத்திற் கடமை இருந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அன்று குறைந்தது எழுத்தன்று. இக்கடமையைச் செய்ய வேண்டியவர் இவரே, இன்ன நாளுக்குள் செய்தல் வேண்டும் என்னும் வரையறையே குறைந்தது. எல்லார்க்கும் பொதுவெனப்பட்ட கிணற்றைத் தூர்வாருவார் ஒருவருமிலர் என்பது நம் ஊரவர்க்குத் தெரியாததன்று.

ஆகவே அடுத்த கொள்ளைநோய் வருமுன் ஒவ்வொரு துறைமுக நாடும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சுகாதாரம், குடிவரவு, துறைமுகம், விமானப் போக்குவரத்து ஆகிய நான்கு திணைக்களங்களும் ஒரு மேசையில் அமர்ந்து, மாலுமி இறங்குதற்கும் ஏறுதற்கும் உரிய வழியையும், தனிமையில் இருக்கவேண்டிய நாட்களின் எண்ணையும், பொறுப்பாளர் இன்னார் என்பதையும் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். இது பெருஞ் செலவு வேண்டும் செயலன்று. நம் மாணவருள் நாளை இத்திணைக்களங்களில் அமர்வோர் இருப்பர், கப்பலேறுவோரும் இருப்பர். முன்னவர் கையெழுத்திடும் ஒரு தாளில் பின்னவருடைய ஓராண்டு வாழ்வு தங்கியிருத்தல் கூடும். பண்டத்தை ஏற்றுக்கொள்ளும் நாடு அதனைக் கொணர்ந்த மனிதனையும் ஏற்றுக்கொள்ளுதல் அருளன்று. வாங்கிய பொருளுக்குரிய விலையின் ஒரு பகுதியே அது.